வண்ண அடுக்குகளும் அன்றாடமும்

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பெருங்கூட்டம் கூடும் இடங்களுள் ஒன்று ஒரு கடிகாரத்தின் முன்புறம். மணி நிறைவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போதே மக்கள் அங்கே திரண்டுவிடுகின்றனர். தாடி வைத்த சிறிய பொம்மை மனிதன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான், எத்தனை மணியோ அத்தனை முறை அடிக்கிறான், உள்ளே போய்விடுகிறான். உயர்ந்த கைப்பேசிகள் தாழ்கின்றன, கூட்டம் கலைகிறது. அதே கடிகாரத்தில் இன்னொரு பொம்மையும் உண்டு. சுத்தியல் ஏந்திய கொல்லன் ஒருவன் நொடிதோறும் அடித்துக்கொண்டிருக்கிறான். மணிக்கு 3600 அடி. அவனுக்காக எவரும் காத்திருப்பதில்லை. காத்திருக்கத் தேவையும் இல்லை, அவன் எப்போதும் அங்கேயே இருக்கிறான். எப்போதும் இருப்பதனாலேயே அவன் கண்ணில் படுவதில்லை.

ஓவியத்தைப் பற்றிய நம் பேச்சும் மணியடிப்பவனோடு நின்றுவிடுகிறது. ஓர் ஓவியம் எந்த ஆண்டில் முடிக்கப்பட்டது, எந்தக் கண்காட்சியில் முதலில் வைக்கப்பட்டது, எந்த ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்பன எல்லாம் மணியோசைகள். அந்த ஓவியம் எத்தனை நாள், எந்த வரிசையில், எத்தனை பூச்சுகளாக வளர்ந்தது என்பது கொல்லனின் வேலை. உருவங்களைத் தீட்டும் ஓவியத்தில் இந்த இழப்பு ஓரளவு தாங்கக்கூடியது. அங்கே பார்ப்பதற்கு முகம் உண்டு, கதை உண்டு. அடுக்கடுக்காகப் பூசி எழுப்பப்படும் அரூப ஓவியத்திலோ கொல்லனை விட்டுவிட்டால் எஞ்சுவது மிகச் சிறிது. ‘இதில் என்ன இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு மக்கள் நகர்ந்துபோவதற்கு அவர்களை நொந்து பயனில்லை. அதில் இருப்பவை நாள்கள் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நாள்கள் எப்படி ஒரு பரப்பில் இருக்க முடியும் என்பது தமிழ்நாட்டில் பழைய வீடு ஒன்றில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையற்ற செய்தி. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரிடத்தில் பெயர்ந்தால் உள்ளே நீலம் தெரியும். நீலத்துக்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் எப்போதோ அடித்த காவி. எந்த நிறம் எந்த ஆண்டுக்குரியது என்பதை வீட்டின் முதியவர் சொல்லிவிடுவார்: ‘இது பெரியவள் கல்யாணத்துக்கு அடித்தது.’ அந்தச் சுவர் காலத்தைப் படமாக வரைந்து காட்டவில்லை. காலம் அதன்மேல் படிந்திருக்கிறது. அடுக்கு ஓவியத்துக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு, ஓவியர் அந்தப் படிவை விழிப்போடு செய்கிறார், எதை மறைக்க வேண்டும், எதைக் கசியவிட வேண்டும் என்று தீர்மானிக்கிறார் என்பதே.

இங்கே தமிழின் இலக்கணம் ஒரு வழி காட்டுகிறது. தொல்காப்பியம் தொட்டுக் காலம் மூன்று என்று கற்பிக்கப்படுகிறது. ஆனால் வழக்கமாக நடப்பதைச் சொல்ல வரும்போது தமிழ் செய்யும் செயல் விந்தையானது. ‘பாட்டி விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவார்.’ பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். நிகழ்ந்தது முழுவதும் இறந்தகாலம். வினைமுற்றின் வடிவம் எதிர்காலம். ‘போட்டார்’ என்றால் ஒரு நாள் போட்டார். ‘போடுவார்’ என்றால்தான் வாழ்நாளெல்லாம் போட்டார். அன்றாடத்தைச் சொல்வதற்குத் தமிழ் எதிர்காலத்தின் உருபைக் கடன்வாங்குகிறது. இதற்கு மொழியியலில் வேறு விளக்கங்கள் உண்டு. நடந்தது, நடவாதது என்ற பகுப்பை ஒட்டியே இவ்வடிவம் இயங்குகிறது என்பது அவற்றுள் ஒன்று. எவ்வாறாயினும், வழக்கம் என்பது முடிந்துபோனவற்றின் தொகுப்பு மட்டும் ஆகாது, மறுநாளும் உண்டு என்ற உறுதி அதற்குள் அடங்கியிருக்கிறது என்பதை இவ்வடிவம் காட்டுகிறது. ஓவியத்தில் முதல் பூச்சும் அப்படிப்பட்டதே. தன்மேல் இன்னொன்று வரும் என்பதற்காகவே அது இடப்படுகிறது. நாளை மறைக்கப்படப்போவதை இன்று கவனமாகச் செய்வது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண்வேலை. உள்ளிருந்து செய்பவருக்கு அதுவே வேலை.

ஹைதராபாத்தில் இதற்குப் பொருத்தமான சான்று சூரிய பிரகாஷ். 1940இல் மதிராவில் பிறந்து 2019இல் மறைந்தவர். அவர் பிறந்தபோது மதிரா நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்த அரசின் அலுவலகத் தாள்களில் ஆண்டு பசலிக் கணக்கில் எழுதப்பட்டது. பள்ளிவாசலிலும் பண்டிகையிலும் ஹிஜ்ரி. ஆங்கிலேயரோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் கிறித்தவ ஆண்டு. தெலுங்கர் வீடுகளில் உகாதியோடு தொடங்கும் ஆண்டு. ஒரே நாளுக்கு நான்கு பெயர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. (பசலி என்ற சொல் தமிழருக்கும் அயலானதன்று. கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டிலும் ஜமாபந்தியிலும் அது இன்றும் உயிரோடு உள்ளது. இங்கே ஜூலையில் பிறக்கும் பசலி ஆண்டு நிஜாமின் நாட்டில் அக்டோபரில் பிறந்தது.) இந்த நகரத்துக்குக் காலம் ஒற்றை இழையாக ஒருபோதும் இருந்ததில்லை. இன்றும் இல்லை: மாதாப்பூர்ப் பகுதியின் கண்ணாடிக் கட்டடங்களில் பணியாற்றும் பலர் அமெரிக்கக் கடிகாரத்துக்கு விழித்து இந்தியக் கடிகாரத்துக்கு உறங்குகிறார்கள்.

சூரிய பிரகாஷ் ஹைதராபாத்தின் நுண்கலைக் கல்லூரியில் பயின்றபின் டெல்லியில் ராம்குமாரிடம் பயிற்சி பெற்றார். வாரணாசியின் படித்துறைகளையும் வீடுகளையும் வண்ணப் பட்டைகளாகக் கரைத்தவர் ராம்குமார். இந்திச் சிறுகதை எழுத்தாளரும்கூட. அவரிடமிருந்து திரும்பிய மாணவர் படித்துறைக்குப் போகவில்லை. காயலான் கடைக்குப் போனார். உடைந்த மோட்டார் வண்டிகளின் குவியல்கள் அவருடைய தொடக்ககால ஓவியங்களின் பொருளாயின. துரு என்பது இரும்பின்மேல் காலம் இடும் பூச்சு என்று கொண்டால் இந்தத் தேர்வு தற்செயலாகத் தோன்றாது. துருவேறிய தகட்டில் தொழிற்சாலை அடித்த வண்ணமும், அதன்மேல் உரிமையாளர் அடித்த வண்ணமும், இரண்டையும் தின்று வெளிவரும் செம்பழுப்பும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. பயன்பாடு, பழுது, கைவிடல் என ஒரு வண்டியின் வாழ்க்கை வரலாறு அதன் தோலில் எழுதப்பட்டிருக்கிறது.

பின்னர் அவர் குளங்களுக்கு வந்தார். உதிர்ந்த இலைகள் மிதக்கும் நீர், அல்லி, மரங்களின் நிழல். மனிதர் நடமாட்டமில்லாத நிலக்காட்சிகள். இவற்றை முழு அரூபம் என்று சொல்ல முடியாது. இலை இலையாகவே இருக்கிறது. ஆயினும் இவற்றின் அமைப்பு அரூப ஓவியத்தின் அமைப்பு. நீரின்மேல் கிடப்பது ஒன்று, நீருக்குள் தெரிவது ஒன்று, நீரில் பிரதிபலிப்பது ஒன்று. மூன்றும் ஒரே தட்டையான பரப்பில், ஒன்றையொன்று மறைத்தும் மறைக்காமலும். மிதக்கும் இலை நேற்று உதிர்ந்தது, அடியில் மட்குவது சென்ற பருவத்துடையது, நிழலாக ஆடும் கிளையில் இருப்பது இனி உதிரப்போவது. மூன்று காலங்களையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்க அவருக்கு ஒரு குட்டை போதுமானதாக இருந்தது.

அவருடைய ஓவிய வாழ்வில் பலரும் ஒரு வரியில் கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. பஞ்சாரா ஹில்ஸில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தில் அவர் உறைவிட ஓவியராக இருந்தார். அந்நிறுவனம் 1987இல் மருத்துவர் குள்ளபள்ளி நாகேஸ்வர ராவ் தொடங்கியது, பெயருக்குரிய எல்.வி. பிரசாத், தமிழர்கள் ‘மனோகரா’, ‘மிஸ்ஸியம்மா’ ஆகிய படங்களால் அறிந்த அதே இயக்குநர். ஓவியர் என்றால் மலையடிவாரக் குடிலோ நள்ளிரவுத் தனிமையோ கற்பனை செய்துகொள்ளும் வழக்கத்துக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது. மருத்துவமனை என்பது வழக்கங்களால் இயங்கும் இடம். புறநோயாளிகளின் வரிசை, அறுவைப் பட்டியல், பணிமுறை மாற்றம். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை இட்டுக்கொண்டு, கண்மூடி, சுவரோரம் அமர்ந்து காத்திருக்கும் மனிதர்கள். பார்ப்பதற்காகக் காத்திருப்பவர்கள் நிறைந்த கட்டடத்தில் ஓவியர் ஒருவர் தம் பூச்சு உலரக் காத்திருந்தார் என்பது உவமைக்காகத் தேடிப் பிடித்ததுபோல் தோன்றும். ஆனால் நடந்தது அதுவே. அல்லிக்குளத்தை வரைந்தவர்களுள் முதல்வரான மோனே, கண்புரையால் நிறங்கள் மங்கிப்போக, 1923இல் அறுவை செய்துகொண்டார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கண்புரையும் ஓர் அடுக்குதான். அகற்ற வேண்டிய அடுக்கு.

அன்றாடம் ஓவியருடைய ஒழுக்கத்திலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பொருளின் இயல்பும் அதை விதிக்கிறது. எண்ணெய் வண்ணம் உலர்வது துணி உலர்வதைப் போன்றதன்று. துணியிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுகிறது. அதாவது உலர உலர அதன் எடை சிறிது கூடுகிறது. மேற்பூச்சில் கீழ்ப்பூச்சைவிட எண்ணெய் மிகுதியாக இருக்க வேண்டும் என்பது பழைய பட்டறை விதி. மாறிப்போனால் மேலே இருப்பது முந்தி இறுகிவிடும், கீழே இருப்பது இன்னும் அசைந்துகொண்டிருக்கும், சில ஆண்டுகளில் பரப்பு வெடிக்கும். மெல்லிய பூச்சு தொடும் அளவுக்கு உலரவே நாள்கள் ஆகும். தடித்தது வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே அடுக்கு ஓவியர் ஒரு நாளில் செய்யக்கூடியதற்கு ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு உள்ளெழுச்சி வந்தாலும் ஈரப்பூச்சின்மேல் அது செல்லாது. 1950களில் ஓவியர்களுக்கு அக்ரிலிக் வந்தபோது இந்தக் காத்திருப்பு நிமிடங்களாகச் சுருங்கியது. அது பெரிய விடுதலைதான். அதேவேளை, இரு பூச்சுகளுக்கு நடுவே கட்டாயமாகக் கிடைத்த இடைவெளி, நேற்று செய்ததை வேறொரு மனநிலையில் வந்து பார்க்கும் அந்த இடைவெளி, இனி ஓவியர் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இந்த இடைவெளியைத் தம் முழு வாழ்க்கையாக்கிக்கொண்டவர் என்று வி.எஸ். கைதொண்டேயைச் சொல்லலாம். 1924இல் நாக்பூரில் பிறந்து, மும்பையில் பயின்று, 1970களில் டெல்லிக்குக் குடிபெயர்ந்து, 2001இல் மறைந்தவர். ரோலராலும் பேலட் கத்தியாலும் வண்ணத்தைப் பரப்புவார். நாளிதழ், பருவ இதழ்களிலிருந்து கிழித்த தாள் துண்டுகளை ஈரவண்ணத்தில் ஒற்றி எடுப்பார். மேலே பூசியதைச் சுரண்டி அடியில் உள்ளதை வெளிக்கொணர்வார். ஓர் ஆண்டில் அவர் முடித்த கேன்வாஸ்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1984இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு சில ஆண்டுகள் கேன்வாஸை விட்டுவிட்டுக் காகிதத்தில் மையால் வரைந்தார். நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2014இல் அவருக்குப் பின்னோக்குக் கண்காட்சி நடத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் கிறிஸ்டிஸ் மும்பையில் நடத்திய ஏலத்தில் அவருடைய 1979ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று ரூ. 23.7 கோடிக்குப் போனது. அதன்பின் அவர் பெயரைக் கேட்டவுடன் எழும் முதல் எண்ணம் தொகையாகிவிட்டது.

தொகையை விடவும் தொல்லை தருவது அவரைச் சுற்றி எழுந்துள்ள முனிவர் பிம்பம். ஜென் பௌத்தத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது உண்மை. தனிமை விரும்பி என்பதும் உண்மை. ஆனால் ‘மௌனம்’, ‘தியானம்’, ‘பிரபஞ்சம்’ என்ற மூன்று சொற்களை மாற்றி மாற்றி அடுக்கிவிட்டால் அவரைப் பற்றி எழுதியாயிற்று என்ற நிலை, அவருடைய உழைப்பை நாகரிகமாக அழித்துவிடுகிறது. ரோலரை எந்தத் திசையில் ஓட்டினார், எந்தப் பூச்சு ஈரமாக இருக்கும்போது தாளை ஒற்றினார், எதைச் சுரண்டினார் என்பவை ஆன்மிகத்துக்குக் குறைந்த கேள்விகள் அல்ல. தச்சரையும் கொத்தரையும் பற்றிப் பேசும்போது கேட்கும் கேள்விகளை ஓவியரைப் பற்றிக் கேட்க நம் எழுத்தாளர்கள் கூசுகிறார்கள். கைவேலை என்று சொல்லிவிட்டால் கலை தாழ்ந்துவிடும் என்ற அச்சம் இதன் அடியில் இருக்கிறது. அந்த அச்சத்தின் வேர் சாதியில் இருக்கிறது என்பதை மென்று விழுங்க வேண்டியதில்லை.

சென்னையில் வாழ்ந்த அச்சுதன் கூடல்லூரை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரான கூடல்லூரில் 1945இல் பிறந்தவர். சென்னைக்கு வந்து பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணியாற்றியவர். எழும்பூர் ஓவியக் கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பின் மாலை வகுப்புகளில் ஓவியம் பழகியவர். உருவங்களிலிருந்து தொடங்கி முழு அரூபத்துக்கு வந்தார். 1988இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது பெற்றார்; 2022 ஜூலையில் மறைந்தார். அவருடைய சிவப்பு ஒரு முறை பூசியதால் வரும் சிவப்பன்று; அடியில் நீலமோ பச்சையோ கனன்றுகொண்டிருப்பதால் வரும் சிவப்பு. அவரைப் பற்றிய குறிப்புகளில் அரசுப் பணி பெரும்பாலும் ஒரு தடையாக, கடந்துவந்த கட்டமாகச் சொல்லப்படுகிறது. வேறுவகையிலும் சொல்லலாம். காலை அலுவலகம், மாலை வகுப்பு என்ற ஒழுங்கு ஒரு மனிதருக்கு ஒவ்வொரு நாளும் சிறிதளவு நேரத்தைத்தான் தரும். சிறிதளவு நேரத்தில் ஒரு நாளின் வேலையாகச் செய்து முடிக்கத்தக்கது ஓர் அடுக்கு. அடுக்கு ஓவியம், முழு நாளும் கையில் இல்லாதவர்களுக்கும் இடம் கொடுக்கும் வடிவம். இதை யாரும் சொல்வதில்லை. சொல்லப்பட்டால் பயன்பெறக்கூடியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் வழக்கத்தைப் புகழ்வதில் ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. தன் நேரத்தைத் தான் வகுத்துக்கொள்ள முடிந்தவருக்கு வழக்கம் ஓர் ஆற்றல். பிறர் வகுத்த நேரத்தில் வாழ்பவருக்கு அது சிறை. இரவுப் பணியில் மற்றொரு கண்டத்தின் பகலை வாழ்ந்து தீர்க்கும் இளைஞருக்கும், விடிவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்து இரவு கடைசியாக விளக்கணைக்கும் பெண்ணுக்கும் ‘தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று அறிவுரை சொல்வது எளிது. நம் பெண்களின் அன்றாட அரூப ஓவியமான கோலம் அடுக்காகச் சேர்வதே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நேற்றைய கோலத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் இன்றைய கோலம். ஐம்பது ஆண்டு உழைப்பு ஒரு தடயமும் இன்றிப் போகிறது. அதை நிலையாமையின் தத்துவம் என்று வியப்பவர்கள் உண்டு. தடயம் விட்டுச்செல்லும் உரிமை யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்று கேட்பதும் அதே அளவு பொருத்தமானது. பரோடாவில் கற்பித்துவந்த நஸ்ரீன் முகமதி இதற்கு வேறொரு விடை கண்டார். நாட்குறிப்பேட்டில் தாம் எழுதியவற்றின்மேலேயே கோடுகளையும் பட்டைகளையும் இட்டு, நாளின் பதிவையே வரைபடமாக்கினார். உடலின் கட்டுப்பாடு நோயால் குறைந்துகொண்டே வந்த ஆண்டுகளிலும், 1990இல் இறக்கும்வரை, மிக நுண்ணிய நேர்கோடுகளை வரைந்துவந்தார்.

உலகின் பிற பகுதிகளில் இந்த அன்றாடத்தையே காட்சிப்பொருளாக்கியவர்கள் உண்டு. போலந்தின் ரோமான் ஓபல்கா 1965இல் ஒன்று என்று எழுதத் தொடங்கி, 2011இல் இறக்கும்வரை எண்களை வரிசையாகக் கேன்வாஸ்களில் எழுதிக்கொண்டே போனார், 5607249இல் நின்றது. 1972இலிருந்து ஒவ்வொரு புதிய கேன்வாஸின் பின்புலத்திலும் வெள்ளையைச் சிறிது கூட்டிவந்ததால், கடைசியில் வெள்ளையின்மேல் வெள்ளையாக எழுதினார். ஜப்பானியரான ஆன் கவாரா 1966 ஜனவரி 4 முதல் அன்றன்றைய தேதியைத் தீட்டினார். பின்புலத்துக்குப் பல பூச்சு, அதன்மேல் கையாலேயே எழுத்து. நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். இவ்விருவரும் பெருங்கலைஞர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்களிடம் விதி முன்னால் நிற்கிறது. பார்ப்பவர் விதியைத் தெரிந்துகொண்டவுடன் பாதி வியப்பு முடிந்துவிடுகிறது. சூரிய பிரகாஷின் குளத்திலும் கூடல்லூரின் சிவப்பிலும் விதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. நாள்கள் அங்கே எண்ணப்படாமல் கிடக்கின்றன. வாழ்க்கையில் பெரும்பாலான நாள்கள் எண்ணப்படாமல்தான் போகின்றன என்பதால், இரண்டாவது வகையே உண்மைக்கு அருகில் இருப்பதாகக் கொள்ளலாம்.

இத்தனையும் ஏன் இப்போது சொல்லப்பட வேண்டும் என்றால், இந்த ஓவியங்கள் இன்று பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் பார்க்கப்படுகின்றன. திரை நிறத்தைக் காட்டும், வடிவத்தைக் காட்டும், அடுக்கைக் காட்டாது. ஒளி மேற்பூச்சைக் கடந்து கீழ்ப்பூச்சில் பட்டுத் திரும்புவதால் எழும் ஆழம், கத்தி நின்ற இடத்தில் எழுந்த விளிம்பு, பக்கவாட்டில் நகரும்போது மட்டும் தெரியும் பளபளப்பு வேறுபாடு ஆகிய மூன்றும் புகைப்படத்தில் உதிர்ந்துவிடுகின்றன. உருவ ஓவியத்தின் படம் அதன் சுருக்கமாக இருக்கலாம். அடுக்கு ஓவியத்தின் படம் அதன் மேல்தோல் மட்டும். இந்தத் தோலைப் பார்த்துவிட்டு, ‘இதை என் மகளும் செய்வாள்’ என்று சொல்பவர்கள் உண்மையில் தோலைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். இப்போது கணினியும் செய்கிறது: கட்டளையிட்ட சில நொடிகளில் துருவும் கசிவும் சுரண்டலும் கொண்ட ‘அடுக்கு’ப் படம் வந்துவிடுகிறது. அதில் எது முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. திரையில் மட்டுமே ஓவியம் பார்த்துப் பழகும் தலைமுறைக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எதைக் காட்டி விளக்குவது? சொல்லால் விளக்க முடியாது. நேரில் நிற்கவைத்துத்தான் காட்ட முடியும்.

அதற்குக் காட்சிக்கூடங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. மாதாப்பூரில் உள்ள மாநிலக் கலைக்கூடமானாலும் சென்னையின் கூடங்களானாலும் ஓவியத்தின் அருகே ஒட்டும் அட்டையில் பெயர், ஆண்டு, அளவு, ‘கேன்வாஸில் எண்ணெய் வண்ணம்’ என்ற நான்கு செய்திகளே இருக்கின்றன. வாழும் ஓவியரானால் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிந்தது, எத்தனை முறை மீண்டும் திறக்கப்பட்டது, முதல் பூச்சு என்ன நிறம் என்று அவரிடமே கேட்டு இரண்டு வரி சேர்க்கலாம். நேர்மேலிருந்து விழும் வெளிச்சத்தோடு பக்கவாட்டு விளக்கு ஒன்றையும் வைக்கலாம். மேடுபள்ளம் அப்போதுதான் எழுந்து நிற்கும். அமர்வதற்கு ஒரு பலகை போடலாம். மேடை நாடகத்துக்கும் கச்சேரிக்கும் இரண்டு மணி நேரம் அமர்ந்திருக்கும் மக்கள், மூன்று மாத வேலையின்முன் அரை நிமிடம் நின்று போவதற்குக் காரணம் அவர்களின் பொறுமையின்மை மட்டுமன்று. அங்கே நாற்காலியும் இல்லை.

பார்வையாளர் தாமே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சட்டமிடாத கேன்வாஸானால் முன்புறத்தைப் பார்ப்பதற்குமுன் அதன் பக்கவாட்டு விளிம்பைப் பார்க்கலாம். துணி சட்டத்தின்மேல் மடியும் அந்த ஒன்றிரண்டு அங்குலத்தில் ஓவியரின் கை பெரும்பாலும் எதையும் மறைக்க முற்படுவதில்லை. முன்பக்கத்தில் முற்றிலும் மூழ்கிவிட்ட மஞ்சள் அங்கே வழிந்து காய்ந்திருக்கும், அதன்மேல் வேறொரு நாளின் சாம்பல் நிறம், அதையும் தாண்டி வழிந்த ஒரு சொட்டுச் சிவப்பு. கழுத்தைச் சாய்த்துச் சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பவரைக் காவலர் ஒருவர் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கக்கூடும். பார்க்கட்டும்.